நாவும் முத்திரையும்

இக்கட்டுரையின் பொருள் விஸ்கி என்று கண்டவுடனே நம் வாசகருள் சிலர் முகஞ் சுளிப்பர் என்பதை நாம் அறிவோம். தோட்டங்களிற் கள்ளுக்கடை செய்த கேட்டைக் கண்ணாற் கண்டவர்க்குக் குடியின் தீமையை நாம் எடுத்தோத வேண்டுவதில்லை. குடியைப் புகழவும் நாம் எழுதுகோல் எடுத்தோமில்லை. நாம் ஆராயப் புகுந்தது வேறொன்று. ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குபவன், தான் வாங்கியது இன்னதே என்று எதனால் அறிகிறான்? தன் நாவினாலா, அன்றி அதன்மேல் ஒட்டிய சீட்டினாலா? இக்கேள்வியை, ஒரே சரக்கை முன்வைத்து, இருநூறு ஆண்டுக்கு மேலாக ஒரு தேசம் வழக்காடி வந்திருக்கிறது. தேசம் அமெரிக்க ஐக்கிய நாடு. சரக்கு ரை விஸ்கி.

ரை என்பது கோதுமைக்கும் வாற்கோதுமைக்கும் உறவான குளிர்நாட்டுத் தானியம். கடும்பனியையும் வளமற்ற மண்ணையும் பொறுத்து விளையும் இயல்புடையது. ஜெர்மனியிலிருந்து பென்சில்வேனியாவிற் குடியேறிய உழவர் ரொட்டிக்காக இதனை விதைத்தனர். அயர்லாந்தின் வடபகுதியிலிருந்து வந்த ஸ்காட்லாந்து வமிசத்தார் வாலை வைத்துச் சாராயம் இறக்கும் தொழிலைக் கொணர்ந்தனர். (வாலை என்பது நம் சித்த வைத்தியர் திராவகம் இறக்கும் கலத்தின் பெயர், இதனினும் பொருத்தமான சொல் வேறில்லையாதலின் அதனையே ஆளுகின்றோம்.) தானியம் ஒருவருடையது, கலம் மற்றவருடையது, இரண்டுஞ் சேர்ந்து ரை விஸ்கி பிறந்தது. கடற்கரைப் பட்டினங்களில் அந்நாளிற் குடிக்கப்பட்டது ரம். மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து வரும் சர்க்கரைப் பாகினின்று அது வடிக்கப்பட்டது. சுதந்திர யுத்தத்தில் அப்பாகின் வரவு தடைப்படவே, உள்நாட்டுத் தானியச் சாராயத்துக்கு மதிப்பு உயர்ந்தது.

அலிகெனி மலைத்தொடருக்கு மேற்கே வாழ்ந்த குடியானவனுக்கு விஸ்கி குடிப்பொருள் மட்டுமன்று. அதுவே அவனுக்கு நாணயமுமாயிருந்தது. மலைப்பாதையில் ஒரு பொதிக்குதிரை ரை தானியமாகச் சுமந்தால் நான்கு புஷல்தான் சுமக்கும். அதனையே சாராயமாக வடித்து ஏற்றினால் இருபத்துநான்கு புஷல் தானியத்தின் பயனைச் சுமந்துவிடும். காசு அருகிய அம்மலைநாட்டிற் கூலியும் கடனும் விஸ்கியிலேயே தீர்க்கப்பட்டன. இத்தகைய இடத்தில், யுத்தக் கடனை அடைக்க வேண்டி, நிதியமைச்சர் அலெக்சாண்டர் ஹாமில்டனின் யோசனைப்படி 1791-ம் ஆண்டு வடிசாராயத்தின்மீது ஆயத் தீர்வை விதிக்கப்பட்டது. நாட்டுப்புறத்துச் சிறு வடிப்போர்க்கு வாலையின் கொள்ளளவைக் கொண்டு ஆண்டுவரி கணக்கிட்டனர். ஆண்டு முழுதும் ஓயாது வடிக்கும் பெரிய முதலாளிக்குக் கேலனுக்கு விழும் வரி குறைந்தது. அறுவடைக்குப் பின் சில வாரங்களே வடிக்கும் ஏழைக்கு அதே வரி பன்மடங்கு கனத்தது. அதுவும் ரொக்கமாகக் கட்ட வேண்டும். ரொக்கமோ அவனிடம் இல்லை. ஏட்டில் எல்லார்க்கும் சமமாகத் தோன்றும் சட்டம் வயலில் இறங்கியதும் எளியோன் தோளையே தேடிச் சென்று அமர்வதற்கு இதனினும் தெளிவான உதாரணம் வேண்டுமோ?

1794-ம் ஆண்டு ஜூலையில் வரி மேற்பார்வையாளர் ஜான் நெவில் என்பாரின் மாளிகை கொளுத்தப்பட்டது. ஆகஸ்டு முதல் நாள் பிட்ஸ்பர்க்குக்கு அணித்தான பிராடக் வெளியில் ஏறக்குறைய 7,000 பேர் ஆயுதத்துடன் திரண்டனர். ஜனாதிபதி ஜார்ஜ் வாஷிங்டன் ஏறத்தாழ 13,000 படைஞரைத் திரட்டி, வழியிற் சிறிது தூரம் தாமே உடன் சென்றார். படை சேர்ந்தபோது எதிர்க்க ஒருவருமில்லை. ராஜத்துரோகக் குற்றஞ் சாட்டித் தீர்ப்பிடப்பட்டவர் இருவரே. பிலிப் விகிள், ஜான் மிச்செல். இருவரையும் வாஷிங்டன் மன்னித்தார். அவ்வரி ஜெபர்சன் ஆட்சியில் 1802-ல் நீக்கப்பட்டது.

இங்கு வரலாறு ஒரு வேடிக்கை செய்கிறது. விஸ்கி வரிக்காகப் படை நடத்திய அதே வாஷிங்டன், பதவியினின்று நீங்கிய 1797-ல், ஜேம்ஸ் ஆண்டர்சன் என்னும் ஸ்காட்லாந்துக் காரியஸ்தர் தூண்டத் தம் மவுண்ட் வெர்னன் பண்ணையில் ரை விஸ்கி வடிக்கத் தொடங்கினார். ஐந்து செப்பு வாலைகள். நூற்றுக்கு அறுபது பங்கு ரை, முப்பத்தைந்து பங்கு மக்காச்சோளம், ஐந்து பங்கு முளைகட்டிய வாற்கோதுமை என்பது சேர்மானம். 1799-ல் ஏறக்குறைய 11,000 கேலன் இறங்கியது. அதன் மதிப்பு சுமார் 7,500 டாலர். அக்காலத்து அமெரிக்க வடிசாலைகளுள் பெரியனவற்றில் இதுவும் ஒன்று. வாலையடியில் நின்று விறகிட்டு, மாவு கலக்கி, இரவும் பகலும் காத்தவர்கள் ஆறு அடிமைகள்: ஹான்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், திமதி. இவர்கள் பெயர் பண்ணைக் கணக்கேட்டில் உண்டு. விற்ற பீப்பாய் எதன்மேலும் இல்லை. மரத்திற் பால்வெட்டிய கைக்கும் ரப்பர்ப் பெட்டியின்மேற் பொறித்த பெயருக்கும் இருந்த தூரத்தை அறிந்த நம் தோட்டத்து வாசகர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

அன்றைய விஸ்கி பெரும்பாலும் பீப்பாயில் முதிராதது. வாலையினின்று இறங்கிய நிறத்தோடே, நீர்போல் தெளிவாக விற்கப்பட்டது. அதன் தரத்தை எவ்வாறு கண்டனர்? போத்தலைக் குலுக்குவர், மேலே எழும் குமிழி பெரிதாய், நெடுநேரம் உடையாது நின்றால் சாராயம் வீரியமுள்ளது என்பர். இன்னொரு சோதனை வெடிமருந்து. சாராயத்தில் நனைத்த மருந்து தீப்பற்றினால் நிரூபணம். பற்றாவிட்டால் நீர் கலந்தது. இன்றும் போத்தலின்மேற் காணும் ‘புரூப்’ என்னும் சொல் இவ்வகைச் சோதனையினின்று வந்ததென்பர். அமெரிக்கக் கணக்கில் அது இப்போது எளிது: நூற்றுக்கு ஐம்பது பங்கு ஆல்கஹால் இருப்பின் 100 புரூப்.

கண்ணுக்குச் சோதனை இருந்தால் கண்ணைக் கட்டும் வித்தையும் உடன் பிறந்துவிடுகிறது. குமிழியைக் கண்டு வாங்கும் வழக்கம் பரவியதும், நீர்த்த சாராயத்திலும் குமிழி நிற்கும்படி செய்ய ஒருவகை எண்ணெய் சந்தைக்கு வந்தது. ‘குமிழி எண்ணெய்’ என்ற பொருள்படும் பெயரே அதற்கு இட்டனர், வெட்கங்கூட இல்லை! பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓயாது ஓடும் நெடுந்தூண் வாலைகள் வந்தபின், மணமும் சுவையும் அற்ற மலிவான சாராயம் ஆறாய்ப் பெருகியது. அதனை வாங்கி, தீய்த்த சர்க்கரையால் நிறமூட்டி, உலர்ந்த பிளம் பழத்தின் சாற்றால் இனிமையூட்டி, சிறிது உண்மை விஸ்கியைத் தெளித்துப் ‘பழைய ரை’ என்று விற்ற கலப்பு வியாபாரிகள் நகரந்தோறும் இருந்தனர். இத்தகைய சரக்கை நாவு கண்டுபிடிக்குமோ? உண்மையான பழைய ரையை ஒருமுறையேனும் சுவைத்தவன் நாவு கண்டுபிடிக்கலாம். போலியை மட்டுமே குடித்து வளர்ந்தவனுக்குப் போலியே உண்மையின் சுவை. நாவும் ஒரு மாணாக்கனே; கற்பித்ததைத்தான் அது அறியும்.

இந்நிலையில் 1897-ம் ஆண்டு மார்ச்சு மாதம் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. கெண்டக்கியைச் சேர்ந்த கர்னல் எட்மண்ட் டெய்லர் என்னும் வடிசாலை முதலாளியும், நிதியமைச்சர் ஜான் கார்லைலும் இதற்குப் பாடுபட்டனர். ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, சர்க்கார் பூட்டிட்ட பண்டகசாலையில் நான்காண்டுக்குக் குறையாமல் வைத்து, 100 புரூப்பில் போத்தலில் அடைத்த விஸ்கிக்கு மட்டும் சர்க்கார் முத்திரைச் சீட்டு ஒட்டப்படும். சீட்டு வாயின்மேற் குறுக்கே ஒட்டியிருக்குமாதலால் அதனைக் கிழிக்காமற் போத்தலைத் திறக்க இயலாது. உண்ணும் பருகும் பொருளுக்கு அந்நாட்டு மத்திய சர்க்கார் முன்னின்று சாட்சி சொன்ன முதற் சில சட்டங்களுள் இது ஒன்று. ஆனால் இம்முத்திரை எதற்குச் சாட்சி? பிறப்புக்கும் வயதுக்கும் வீரியத்துக்கும் சாட்சி, சுவைக்கு அன்று. கெட்ட வடிப்போன் வடித்த கெட்ட விஸ்கியும் நான்காண்டு பூட்டில் இருந்தால் முத்திரை பெறும். முத்திரையைத் தரச்சான்றாகக் கருதி ஏமாறுவோர் இன்றும் பலர்.

அடுத்த போர் சொல்லைப் பற்றியது. விவசாய இலாகாவின் தலைமை இரசாயனியான ஹார்வி வைலி, உணவுக் கலப்படத்தை எதிர்த்து ஆண்டுக்கணக்காகப் போராடியவர். 1906-ல் தூய உணவு மருந்துச் சட்டம் நிறைவேறியதும், கலப்புச் சாராயத்தை விஸ்கி என்றே அழைக்கலாகாது என்று வாதித்தார். கலப்பு வியாபாரிகளோ, தங்களுடையதும் தானியத்தினின்று வடித்ததுதானே என்றனர். வழக்கு ஜனாதிபதி டாப்ட் வரை சென்றது. ஒரு தேசத்தின் ஜனாதிபதி ‘விஸ்கி என்பது யாது?’ என்னும் கேள்விக்கு நீதிபதியாய் அமர்ந்து 1909 டிசம்பரில் தீர்ப்பெழுதியது உலக வரலாற்றிற் புதுமைதான். இரண்டும் விஸ்கியே, ஆயினும் கலந்தது ‘கலந்தது’ என்று சீட்டிற் சொல்ல வேண்டும் என்பது அவர் முடிவின் சாரம். வைலிக்கு இது தோல்வி. எங்கள் கருத்தில் வாங்குவோனுக்கு இது பாதி வெற்றி. பொருளைத் தடுக்காவிட்டாலும் பொய்யைத் தடுத்தது.

1920 ஜனவரியில் மதுவிலக்கு வந்து, 1933 டிசம்பர் வரை நின்றது. அதன் நன்மை தீமைகளை இங்கே எடை போடோம். ஒரு செய்தி மட்டும் சொல்லி அப்பால் செல்வோம். 1810-ம் ஆண்டைத் தன் பிறப்பாகக் கொண்ட ஓவர்ஹோல்ட் என்னும் பென்சில்வேனிய ரை விஸ்கிக் கம்பெனி, வைத்தியர் சீட்டின்பேரில் மருந்தாக விஸ்கி விற்க அனுமதி பெற்றிருந்தது. 1921-ல் நிதியமைச்சரான ஆண்ட்ரு மெல்லன் அக்கம்பெனியிற் பங்குடையவர். மதுவிலக்கை நடத்தும் இலாகாவோ அந்நாளில் நிதியமைச்சின் கீழ் இருந்தது.

விலக்கு நீங்கிய பின்னும் ரை தலைதூக்கவில்லை. மக்கள் நாவு மென்மையான கலப்பு விஸ்கிக்கும் கானடா விஸ்கிக்கும் பழகிவிட்டது. ரை மாவு நொதிக்கையில் பசைபோல் ஒட்டி, நுரைத்துப் பொங்கித் தொல்லை தரும். மக்காச்சோளம் மலிவு, வேலையும் எளிது. ஆகவே பென்சில்வேனியாவிலும் மேரிலாந்திலும் வடிசாலைகள் ஒன்றன்பின் ஒன்றாக மூடப்பட்டன. ஓவர்ஹோல்ட் என்னும் பெயர் மட்டும் கைமாறிக் கைமாறி, 1987-க்குப்பின் கெண்டக்கியில் வடிக்கும் விஸ்கியின்மேல் ஒட்டப்பட்டது. கானடாவின் கதை இன்னும் விந்தை. அந்நாட்டுச் சட்டப்படி ரை தானியம் ஒரு மணியும் இல்லாத விஸ்கியைக்கூட ‘ரை’ என்று அழைக்கலாம். பழைய பெயர் தானியத்தை விட்டுத் தனியே வாழ்கிறது.

அமெரிக்கச் சட்டம் அவ்வாறன்று. மதுவிலக்கு நீங்கியபின் வகுத்த இலக்கணம் இன்றும் நிற்கிறது. ரை விஸ்கியெனின் தானியத்தில் நூற்றுக்கு 51 பங்கேனும் ரை இருத்தல் வேண்டும். 80 பங்கு ஆல்கஹாலுக்கு மேற்படாது வடித்தல் வேண்டும். உள்ளே கரித்த புதிய ஓக் மரப் பீப்பாயில், 62.5 பங்குக்கு மேற்படாத வீரியத்தில் இடுதல் வேண்டும். ஈராண்டேனும் முதிர்ந்தால் ‘ஸ்ட்ரெய்ட்’ என்னும் அடைமொழி பெறும். அவ்வடைமொழி உள்ளதில் நிறமோ மணமோ எள்ளளவும் சேர்க்கலாகாது.

புத்துயிர் தந்தவர்கள் சிறு வடிசாலையார். சான்பிரான்சிஸ்கோவில் பிரிட்ஸ் மேடாக் என்பவர், முளைகட்டிய ரை ஒன்றிலேயே வடித்த விஸ்கியை 1996-ல் விற்பனைக்கு விட்டார். அதன்பின் மாகாணந்தோறும் சிறு வடிசாலைகள் முளைத்தன. ‘கிராப்ட்’, அதாவது கைவினை என்னும் சொல் சீட்டுகளை அலங்கரிக்கத் தொடங்கியது. அச்சொல்லுக்கு மத்தியச் சட்டத்தில் இலக்கணமே இல்லை என்பதை வாசகர் நினைவிற் கொள்க. விஸ்கி முதிர ஆண்டுகள் வேண்டும். கடனுக்கு வட்டியோ உடனே வேண்டும். எனவே புதியோர் பலர் பிறர் வடித்த முதிர்ந்த பீப்பாய்களை வாங்கித் தம் பெயரில் அடைத்தனர். இவற்றுள் பெரும்பகுதி இந்தியானா மாகாணத்து லாரன்ஸ்பர்க்கில் உள்ள ஒரே பெரிய ஆலையிலிருந்து வந்தது. சீக்ராம் கம்பெனியின் பழைய ஆலை அது. நூற்றுக்கு 95 பங்கு ரை சேர்ந்த அதன் சரக்கு, முன்பு கலப்பு விஸ்கிக்கு மணமூட்டவே வடிக்கப்பட்டது. அயோவா மாகாணத்து டெம்பிள்டன் ஊரின் பெயரையும் மதுவிலக்குக் காலத்துக் கதையையும் தாங்கி விற்ற ரை விஸ்கி அந்த இந்தியானா ஆலையின் சரக்கே என்பது வெளிப்பட, 2014-ல் வாங்கியோர் வழக்குத் தொடுத்தனர். அடுத்த ஆண்டு சமாதானமாயிற்று. சீட்டில் இந்தியானாவின் பெயர் ஏறிற்று. இங்கே நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். அந்த இந்தியானா ரை மட்டமான சரக்கன்று, மிக நல்ல சரக்கு. நாவுக்கு ஒரு குறையும் இல்லை. ஏமாற்றப்பட்டது நம்பிக்கை.

இனி, தேர்ந்தவர்கள் ரை விஸ்கியை எவ்வாறு சோதிக்கிறார்கள் என்பதைச் சற்று விரிவாகக் காண்போம். வயிறு பருத்து வாய் ஒடுங்கிய சிறு கண்ணாடிக் கிண்ணத்தில் அடி மறையும் அளவே வார்ப்பர். எச்சரக்கு எதுவென்று அறியாதபடி கிண்ணங்களுக்கு எண் மட்டும் இட்டு வைப்பது உத்தமம். பெயரைக் கண்ட நாவு பெயரையே சுவைக்கும். நிறத்தைப் பார்ப்பர், ஆனால் நம்பார். கருஞ்சிவப்பு நிறம் முதுமையின் அடையாளமாகலாம். சிறு பீப்பாயின் அடையாளமும் ஆகலாம். வழக்கமான பீப்பாய் ஏறக்குறைய 200 லிட்டர் கொள்வது. அவசரப்படும் வடிப்போர் அதிற் பத்தில் ஒரு பங்கு அளவே கொள்ளும் குட்டிப் பீப்பாயில் இடுவதுண்டு. சாராயத்தின் அளவுக்கு மரத்தின் பரப்பு மிகுதியாதலால் நிறமும் துவர்ப்பும் விரைந்து இறங்கும். ஆயினும், காற்று மெல்லப் புகுந்து ஆண்டுக்கணக்கிற் செய்யும் முதிர்ச்சி அதனால் நிகழாது. வாயில் வைத்தால் முதலிற் பச்சை மரத்தூள், அடியில் முதிராத் தானியம் என்று இரண்டும் ஒட்டாமல் நிற்கும்.

பிறகு மணம். மூக்கைக் கிண்ணத்துள் புதைக்கலாகாது. வாயைச் சிறிது திறந்து, விளிம்பின் மேலே மெல்ல முகர்வர். வாலையில் முதலில் இறங்குவதைத் தலை என்றும், இறுதியில் இறங்குவதை வால் என்றும் கூறுவர். நடுவே வருவதே நெஞ்சு. பேராசைக்காரன் தலையையும் வாலையும் போதிய அளவு வெட்டி நீக்கான். தலை கலந்ததில் வார்னிஷ் நெடி வீசும். வால் கலந்ததில் நனைந்த காகித அட்டையின் நாற்றம் எழும். இவ்விரண்டும் இல்லையெனில் வடிப்போன் கை சுத்தம் என்று கொள்ளலாம். அதன்மேல் தானியத்தின் மணத்தைத் தேடுவர். கிராம்பு, மிளகு, புதினா என்று ஆங்கிலேயர் எழுதிவைக்கும் குறிப்புகள் நம் அடுக்களைக்குப் புதியனவல்ல. கிராம்பு மணம் வெறுங் கற்பனையும் அன்று. ரை உமியில் உள்ள பெருலிக் அமிலம் நொதியின்போதும் வடிக்கும்போதும் சிதைந்து கிராம்பை ஒத்த மணமுடைய பொருளாகிறது. வனில்லா மணம் கரித்த ஓக் மரத்தினின்று வருவது. இந்தியானா ரையில் சதகுப்பை வாடை உண்டெனப் பலர் குறிப்பர். பழகிய மூக்குடையோர் சீட்டைப் பாராமலே அதனைக் கொண்டு ஆலையைச் சொல்லிவிடுவதும் உண்டு. நாவுக்கும் மூக்குக்கும் நாம் சற்றுமுன் சொன்ன குறையை இவ்விடத்தில் ஓரளவு திருத்திக் கொடுப்பதே முறை.

சுவைக்கையில் ஒரு துளி போன்ற சிறு மிடறு. அதனை நாவெங்கும் பரப்பி நிறுத்துவர். இங்கே கற்றுக்கொள்ள வேண்டிய வேறுபாடு ஒன்றுண்டு: ஆல்கஹாலின் எரிச்சல் வேறு, ரையின் காரம் வேறு. முன்னது தொண்டையிற் சுட்டு உடனே அவியும். பின்னது மிளகு மென்றாற்போல நாவின் ஓரங்களில் மெல்ல ஏறி நெடுநேரம் நிற்கும். சில துளி நீர் விட்டு மறுபடி சுவைப்பர். நல்ல ரை நீர்பட்டதும் மலரும்; காரத்தால் மட்டும் நின்றது நீர்பட்டதும் வெளிறிவிடும். தேர்வு செய்வோர் பலர் விழுங்குவதில்லை, உமிழ்ந்துவிடுகின்றனர். குடித்து மயங்கியவன் நடுவனாயிருக்க இயலாது என்பதை அத்தொழிலாரே ஒப்புகின்றனர்.

எல்லாம் முடிந்தபின்பே போத்தலைத் திருப்பிப் பின்சீட்டைப் படிப்பர். எந்த மாகாணத்தில் வடித்தது, எத்தனை ஆண்டு, ‘ஸ்ட்ரெய்ட்’ என்ற சொல் உண்டா, ‘வடித்தது’ என்றிருக்கிறதா அல்லது ‘அடைத்தது’ என்று மட்டும் இருக்கிறதா என்று பார்ப்பர். இந்தக் கடைசி வேறுபாடு ஒரே சொல்தான். பல டாலர் விலை அதன் மேல் நிற்கிறது.

இப்போது சிறு வடிசாலையாரிற் சிலர் தாமாகவே கட்டுப்பாடு விதித்துக்கொள்கின்றனர். நியூயார்க் மாகாணத்தார் சிலர் 2015-ல் கூடி ‘எம்பயர் ரை’ என்றொரு பெயர் வகுத்தனர். தானியத்தில் நூற்றுக்கு 75 பங்கு அம்மாகாணத்தில் விளைந்த ரையாக இருத்தல் வேண்டும், ஈராண்டுக்குக் குறையாது முதிர்தல் வேண்டும் என்பன அதன் விதிகளுட் சில. பிட்ஸ்பர்க்கில் ஒரு வடிசாலை, ராஜத்துரோகி என்று தீர்ப்பிடப்பட்ட பிலிப் விகிளின் பெயரையே தன் பெயராகச் சூட்டிக்கொண்டது. 1814-ல் எரிந்துபோன மவுண்ட் வெர்னன் வடிசாலையும் பழைய அடித்தளத்தின் மேலே மீளக் கட்டப்பட்டு 2007-ல் திறக்கப்பட்டது. பழைய சேர்மானத்தில் இன்றும் அங்கே ரை வடிக்கின்றனர். வருவோர்க்கு அந்த ஆறு பேரின் கதையும் சொல்லப்படுகிறது.

விதையைத் தேடிச் சென்றவர்களும் உண்டு. மிச்சிகன் விவசாயக் கல்லூரியிற் பயின்ற ஜோசப் ரோசன் என்பவர் தம் சொந்த நாடாகிய ருஷ்யாவினின்று 1909-ல் வருவித்த ரை, அவர் பெயராலேயே வழங்கி, மதுவிலக்கு நீங்கிய பின்னாட்களிற் பென்சில்வேனிய வடிசாலையாரால் மிக விரும்பப்பட்டது. ரை காற்றினால் மகரந்தங் கலக்கும் பயிர். அடுத்த வயலில் வேறினம் இருப்பின் சில ஆண்டுகளில் தன் குணம் இழந்துவிடும். அதனால் மிச்சிகன் ஏரியின் நடுவே உள்ள தெற்கு மேனிட்டு என்னும் சிறு தீவில் தூய விதை பெருக்கினர். பிறகு அவ்வினமே மறைந்துபோகும் நிலை வந்தது. விதைக் களஞ்சியத்தில் எஞ்சியிருந்த மணிகளைக் கொண்டு அதனை மீட்டு, 2020-ல் அதே தீவின் மண்ணில் மறுபடியும் விதைத்திருக்கின்றனர்.